எட்டு நாள் பிந்தியவனுக்கு

போன வாரம் சிதம்பரம் கருவூலத்தில் எனக்கு வருடாந்திர நேர்காணல். ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் காட்டிவிட்டு வரவேண்டுமே, அதுதான். இத்தனை காலம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், முதல் தடவையாக இந்தப் பக்கம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் சாலைக்குத் தார் ஊற்றியே ஓய்வு பெற்றவர். கைரேகைக் கருவி அவர் விரலை ஏற்கவில்லை. இருக்கையில் இருந்த பெண் இழுப்பறையைத் திறந்து, பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"நல்லா தேச்சுட்டு, தொடச்சுட்டு வைங்க பெரியவரே."

அவர் தேய்த்தார். அந்த வாசனை எழுந்ததும் நான் வரிசையை விட்டு விலகிச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு உன்னைத் தெரியாது. நீ ஓய்வு பெற்ற பிறகு மாற்றலாகி வந்தவள். அந்த இழுப்பறையில் எலுமிச்சம்பழம் இருப்பது அவளுக்கு அலுவலக வழக்கம், அவ்வளவுதான். முதன்முதலில் அதைக் கொண்டுவந்து வைத்தவன் நீ. ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணீரில் வெந்துபோன ஆயாக்களின் விரல், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல், குப்பை வண்டி தள்ளிய விரல் எதையும் கருவி நம்ப மறுத்த காலத்தில், காலை ரயிலில் வரும்போது கடலூர் முதுநகரிலிருந்து நாலு பழம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவாய். மதியத்துக்குள் நம் பிரிவே மணக்கும்.

உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை, மச்சான். தினமும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எதற்குக் கடிதம்? ஆனால் உனக்காக ஒரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல முடியாது.

நாம் இருவரும் சின்னப் பையன்களாக வேலைக்கு வந்தவர்கள் இல்லை. சான்றிதழ் சரிபார்க்கும் வரிசையில் கடலூரில் சந்தித்தபோதே இருவருக்கும் முப்பத்தைந்து தாண்டியிருந்தது. நான் புவனகிரியில் ஒரு அரிசி ஆலையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். நீ கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் ஒருவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தாய். "இந்த வயசுல அரசாங்கம் நம்மள கூப்புடுதுன்னா, அதுக்கு வேற யாரும் கெடைக்கலன்னு அர்த்தம்" என்றாய். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே நாம் மச்சான் ஆனோம்.

மார்ச் மாதத்தில் இருவருக்கும் ஆணை வந்தது. நான் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டேன். உன் அப்பா அந்த வாரம்தான் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நகராட்சியில் குடிநீர்க் குழாய் திறந்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு நீ ஒரே பிள்ளை. நான் பார்க்க வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாய். ஆணையை மடித்துப் பைபிளுக்குள் வைத்திருந்தாய்.

"நாளைக்கு வந்து சேந்துடறேன் மச்சான். சேந்துட்டு லீவு போட்டுக்கிறேன்" என்றாய்.

நான்தான் தடுத்தேன். "சேந்த அன்னிக்கே லீவு கேட்டா என்னா நெனைப்பாங்க? சேர்றதுக்குத்தான் டைம் குடுத்துருக்கான்ல. ஆபரேஷன் முடியட்டும். அப்பாவ வீட்டுக்கு இட்டுனு போயிட்டு நிம்மதியா வா. வேல எங்க ஓடிடப் போவுது?"

நீ யோசித்தாய். "சரியா வருமா?"

"வரும்டா. குடு, நானே எழுதுறேன்."

பணியில் சேரக் கால நீட்டிப்பு கேட்டு, அந்த வராந்தாவிலேயே, என் கையெழுத்தில் விண்ணப்பம் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நீ கீழே கையெழுத்துப் போட்டாய். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்பாவை வீட்டில் கொண்டுவந்து விட்டு, ஏப்ரல் எட்டாம் தேதி காலையில் நீ வந்து சேர்ந்தாய். அம்மா கொடுத்தனுப்பிய அதிரசத்தை அலுவலகம் முழுக்கக் கொடுத்தாய்.

ஆகஸ்ட் சம்பளத்தின்போதுதான் தெரிந்தது. எனக்கு வருங்கால வைப்பு நிதி எண் வந்திருந்தது. உனக்கு வரவில்லை. கண்காணிப்பாளர் அம்மா அரசாணையை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து சேர்றவங்களுக்குப் புதுத் திட்டமாம் சார். உங்க சம்பளத்துல பிடிப்பாங்க, அரசாங்கமும் கொஞ்சம் போடும். கடைசியில மொத்தமா குடுத்துடுவாங்க. மாசாமாசம் பென்ஷன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நீ சிரித்தபடி, "எட்டு நாளுதான மேடம்? அதெல்லாம் சரி பண்ணிடுவாங்க" என்றாய்.

நானும் அப்படித்தான் நம்பினேன். முப்பத்தெட்டு வயதில் அறுபதை யார் யோசிக்கிறார்கள்? அதற்குள் எத்தனையோ மாறும் என்று நினைத்தோம். மச்சான், இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். ஒரு நாள்கூட, கோபத்தில்கூட, நீ அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ எதற்கும் இடம் வைக்கவில்லை.

உனக்கு ஓய்வூதியப் பிரிவைக் கொடுத்ததை என்னென்று சொல்வது? தனக்கு வராத ஒன்றை ஊருக்கெல்லாம் சரிபார்த்து அனுப்புகிற நாற்காலி. நீ அதில் போய் உட்கார்ந்த விதம் எனக்கு முதலில் புரியவில்லை. வேண்டாவெறுப்பாகச் செய்வாய் என்று நினைத்தேன். நீயோ ஒவ்வொரு கோப்பையும் சொந்தக்காரர் வீட்டுக் காரியம்போலப் பார்த்தாய்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த அந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? குமராட்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வரவேண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்காணலுக்கு வரவில்லை. தவணை முடிந்துவிட்டால் பணம் நின்றுவிடும். "மினிபஸ்சு ஓடலடா அந்தப் பக்கம். எப்பிடி வரும் அந்தம்மா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாய். மறுநாள் அதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, என்னையும் என் வண்டியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாய். கணுக்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம்.

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மருமகள் நமக்கு மோர் கொண்டுவந்தாள். நீ படிவத்தை நிரப்பி ரேகை வாங்கிக்கொண்டிருந்தபோது, மருமகள் உள்ளே போனதும் அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவ தங்கமானவதான் சாமி. கொற சொல்லக் கூடாது. ஆனா இந்தப் பணம் வர்றதாலதான் நானு இந்த வூட்ல 'சோத்துல உப்பு ஜாஸ்தி'ன்னு சொல்ல முடியுது. இல்லன்னா போட்டத தின்னுட்டு கெடக்கணும்."

திரும்பி வரும்போது புவனகிரி பாலத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாய். வெள்ளாறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "கேட்டியா மச்சான்? உப்பு ஜாஸ்தின்னு சொல்றதுக்கு. அதுக்குத்தான்டா பென்ஷனு" என்றாய்.

அதற்குமேல் எந்தச் சங்கக் கூட்டத்திலும் யாரும் அதைத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீ சங்கத்தில் சேர்ந்தாய். பழைய ஓய்வூதியம் கேட்டுக் கடலூரில் நடந்த ஆர்ப்பாட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வாக்குறுதி வரும். தேர்தல் முடிந்ததும் ஒரு குழு வரும். குழுவுக்குக் கால நீட்டிப்பு வரும். "நமக்குத்தான் கால நீட்டிப்பு ஆவாது போல" என்று ஒருமுறை சொன்னாய். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஒரு தடவைதான் அந்த வார்த்தை உன் வாயில் வந்தது.

நான் ஆர்ப்பாட்டத்துக்கு வந்ததில்லை. "எனக்கென்ன, நான் பழைய திட்டம்" என்று நினைத்ததால் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அப்படி நினைத்ததுதான் காரணம். ஒருநாள் சம்பளம் போகும், பணிப்பதிவேட்டில் ஏதாவது எழுதிவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்தது. உங்களையெல்லாம் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்த நாளில் மட்டும் வந்து வெளியே நின்றேன். சன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தாய். "சாப்பாடு போட்டாங்க மச்சான், கேசரி கூட" என்று கத்தினாய்.

டீக்கடையில் ஒருநாள் ஒரு விவசாயி உன்னிடம் கேட்டாரே, அதையும் நான் மறக்கவில்லை. "ஒங்களுக்குச் சம்பளமும் வேணும், சாவற வரைக்கும் பென்ஷனும் வேணும். எங்களுக்கு யாருய்யா தர்றா?" நான் டீயைக் குடித்துவிட்டு நகரப் பார்த்தேன். நீ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். "ஒங்களுக்கும் வரணும் மாமா. அதான் நாயம். ஆனா என்கிட்ட புடுங்குனது ஒங்க கைக்கு வந்துச்சா? வரல இல்ல? அப்ப அது எங்க போச்சுன்னு ரெண்டு பேரும் சேந்துல்ல கேக்கணும்." அவர் உன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் நீ ஓய்வு பெற்றாய். இருவருக்கும் ஒரே மாதிரி சால்வை, ஒரே மாதிரி மாலை, அதே மைக்கில் அதே பாராட்டு. நீ பேசும்போது, "இருவத்திரண்டு வருஷம் எல்லாரையும் உசுரோட இருக்கீங்கன்னு நானு எழுதிக் குடுத்தேன். எனக்கு யாரும் எழுதிக் குடுக்க வேண்டிய அவசியம் இல்ல" என்றாய். கைதட்டினார்கள். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார்கள்.

மொத்தமாக வந்த பணம் மகள் கல்யாணக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் போனது. நீ ஊதாரி இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் போயிருக்கும். அதற்குப் பிறகு மாதம் பிறந்தால் உன் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு பணம். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம். குழாய் திறந்துவிட்ட மனிதர் கல்லறைக்குள்ளிருந்து மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

ஓய்வு பெற்ற வருடம், ஏதோ நிலுவை விஷயமாக நான் அலுவலகம் வந்தேன். வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைத் தகரக் கூரையின் கீழ், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நீ உட்கார்ந்திருந்தாய். மடியில் பலகை. எதிரே ஒரு வயதானவர் நின்றுகொண்டு பெயர் சொல்ல, நீ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாய். எந்தப் படிவத்தை உள்ளே உட்கார்ந்து வாங்கினாயோ, அதையே வெளியே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். அவர் ஏதோ கொடுத்தார். நீ எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

நான் உன்னிடம் வரவில்லை, மச்சான். தெருவைச் சுற்றிக்கொண்டு பின்பக்க வாசல் வழியாக உள்ளே போனேன். வேலையை முடித்துக்கொண்டு அதே வழியாக வெளியேறினேன். உன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் செய்தேன் என்று ஊர் போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீயே என் வீட்டுக்கு வந்தாய். காப்பி குடித்தாய். பேரன் படம் காட்டினாய். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்.

"அன்னிக்கு நீ பின்னால வழியா போனத பாத்தேன்டா. நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். மனசுல வெச்சுக்காத."

நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய். அது நம் இருவருக்கும் தெரியும்.

எட்டு மாதம்தான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாய். மார்புவலி என்று கடலூரில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்து நான் பஸ் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. முதுநகர் மாதா கோவிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் நீ படிவம் எழுதிக்கொடுத்த கிழவர்களும் கிழவிகளும் நடந்து வந்தார்கள். குமராட்சியிலிருந்துகூட இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

ஏழாம் நாள் உன் மனைவி ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பாதிக்குமேல் மீதி இருந்தது.

"தெனம் ஒண்ணு போடச் சொன்னாங்கண்ணே. இவுரு ஒரு நாளு விட்டு ஒரு நாளுதான் போட்டுனு இருந்துருக்காரு. கேட்டா, 'போட்டுட்டேன், போட்டுட்டேன்'னுவாரு. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது தங்கச்சி" என்றேன். டாக்டரா நான்?

உன் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து தாண்டிவிட்டது. காது நன்றாகவே கேட்கிறது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"நீயும் அவன் ஆபீசுதான. எனக்கு அப்புறம் இந்தப் பணம் இவளுக்கு வருமாப்பா?"

வராது, மச்சான். மருமகளுக்கு வராது. இருபது வருடம் அந்த விதிகளை நீயும் நானும் மனப்பாடமாக வைத்திருந்தோம். உன் வழியாகவும் அவளுக்கு மாதாமாதம் ஒன்றும் வராது. நீ அந்த மேசையில் இருந்தபோது யாராவது இப்படிக் கேட்டால் எழுந்து நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையைச் சொல்வாய். "பொய் சொல்லி அனுப்புனா அவுங்க திரும்பத் திரும்ப பஸ்ஸு ஏறி வருவாங்கடா" என்பாய்.

நான் பொய் சொன்னேன். "எழுதிப் போட்டுருக்கேம்மா. மெட்ராஸ்லேர்ந்து பதில் வரணும்."

அம்மா தலையாட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் நான் முதுநகருக்குப் போகிறேன். ஒவ்வொரு மாதமும், "பதில் வந்துச்சாப்பா?" என்கிறார். "இன்னும் வரல, வந்துடும்" என்கிறேன். என் பணத்தில் கொஞ்சம் கொண்டுபோனேன். உன் மனைவி தொடவில்லை. "அவுரு வாங்கியிருக்க மாட்டாருண்ணே" என்று மட்டும் சொன்னாள். பழம் மட்டும் வாங்கிக்கொள்கிறாள். பேரனுக்கு.

போன தடவை போனபோது அம்மாவுக்குக் காய்ச்சல். கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். உன் மனைவி ஸ்பூனை வாயருகே பிடித்துக்கொண்டு, "ரெண்டு வாய் அத்த, ரெண்டே வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் இருந்த அவசரத்தை அம்மா கவனித்திருக்கவேண்டும். என் பக்கம் திரும்பி, கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அவங்கப்பாவும் கூப்புடறாரு, புள்ளையும் கூப்புடறான். ஆனா சாவறதுக்கு எனக்கு லீவு கெடைக்க மாட்டேங்குதுப்பா."

பிறகு வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது உன் மனைவி தெருமுனைவரை வந்தாள். எப்போதும் வரமாட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். காலைல எழுந்ததும் மொத வேலையா அத்த மூக்குகிட்ட கைய வெச்சுப் பாக்குறேன். மூச்சு வந்தாத்தான் அடுப்ப பத்த வைக்கிறேன். இது பாசமாண்ணே, இல்ல வேற எதுனாவா? எனக்கே தெரிய மாட்டேங்குது. பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட சொல்லலாமான்னு கூட யோசிச்சேன்."

"பாசம்தான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரைத் தாயைப்போலப் பார்த்துக்கொண்டவள் அவள். இப்போது அந்த அன்புக்குள் ஒரு பயம் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் இனி அவளால் பிரித்தெடுக்க முடியாது. அன்பை அன்பாக மட்டும் வைத்துக்கொள்ளக்கூட மாதம் பிறந்தால் ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

உன் வீட்டிலிருந்து நான் சுமந்துகொண்டு வந்தது அந்தக் கேள்வியைத்தான், மச்சான். பதில் எங்கும் இல்லை. மெட்ராசிலும் இல்லை. தினமும் விடியும்போது விழிப்பு வந்துவிடுகிறது. படுக்கையிலேயே கண்ணை மூடிக்கொண்டு, உன் அம்மா இன்றைக்கும் மூச்சு விடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். யாருக்காக வேண்டுகிறாய் என்று என்னை நான் கேட்டுக்கொள்வதில்லை.